கிள்ளை ரோட்டில் ஒரு விடெக்

ஸ்பேனர் மூன்றாவது முறையாகத் தரையில் விழுந்தபோது, அறிவழகன் அதை எடுக்கக் குனியவில்லை.

“வுடு மச்சான், நான் எடுக்கறேன்” என்றான் அரவிந்தன்.

“வேணாம். கெடக்கட்டும்.” அறிவழகன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாருடைய கையையோ பார்ப்பது போல. “கட்டவெரல் போயிட்டுது மாமா. சீக்கிரம் முடி.”

அரவிந்தனின் மனைவி திலகவதிக்கு ஒரே தம்பி அறிவழகன். முப்பத்தாறு வயது. சென்னையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன். லீவு கிடைத்தால் போதும், ரேஸ் ட்ராக்குக்கு ஓடிவிடுவான். போன வருஷம் சட்டைப் பொத்தான் போட வராமல் தடுமாறினான். அசதி என்று விட்டுவிட்டான். பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் ஊசியெல்லாம் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: மோட்டார் நியூரான் நோய். நரம்பு சொல்வதைத் தசை கேட்காது. முதலில் கை போகும், அப்புறம் கால். அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மருந்து?

“சந்தோஷமா வெச்சுக்குங்க” என்றார் டாக்டர்.

அறிவழகனின் சந்தோஷம் கடலூருக்குப் பக்கத்தில், தாழங்குடாவில், அரவிந்தனின் அப்பா படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்த பழைய ஷெட்டுக்குள் நான்கு டயரிலும் காற்றில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவனுடைய 2002-ம் வருஷத்து ஹோண்டா சிட்டி விடெக். பார்த்தால் பேங்க் மேனேஜர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற சாதுவான வண்டி மாதிரிதான் இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் அதற்குள்ளே வேறொரு பிராணி கண் விழிக்கும். இரண்டு வருஷம் முன்பு வந்த வெள்ளத்தில் சீட்டு வரைக்கும் தண்ணீர் ஏறி, அப்படியே படுத்துவிட்டது.

“கை இருக்கறப்பவே ஒரு தடவ ஓட்டணும் மாமா” என்று சொல்லியிருந்தான். “நீ ஓட்டி நான் பக்கத்துல குந்திக்கினு போறது இல்ல. நான் ஓட்டணும். மீட்டர் முள்ளு ஏழாயிரம் ஆர்பிஎம் தொடணும். அதுக்கப்புறம் எது வந்தாலும் சரி.”

சரி என்று அரவிந்தன் வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். அடித்தகடு முழுக்கத் துரு, இடுக்கெல்லாம் சேறு.

அவனுக்கு அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை. ஹாஸ்டல் பசங்களுக்கு பிராஜெக்ட் பைண்டிங் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன். இன்ஜின் வேலை அப்பாவிடம் பார்த்துப் பழகியது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிதம்பரத்திலிருந்து மச்சானைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தாழங்குடா வந்துவிடுவான். அறிவழகன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவன் செய்வான். இன்ஜினை இறக்கி, சேறு கழுவி, வால்வு மாற்றி ஏற்றினார்கள். எலி கடித்த ஒயரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தார்கள். கிடைக்காத சாமான்களுக்குப் புதுப்பேட்டை வரை போய் வந்தார்கள். பிரேக்குக்குப் புது ரப்பர் ஹோஸ், புது பேட்.

“பிரேக்குல மட்டும் பழசு வேணாம் மாமா” என்றான் அறிவழகன். “ஓடாத வண்டிய தள்ளலாம். நிக்காத வண்டிய ஒண்ணும் பண்ண முடியாது.”

“நீ வாத்தியாராயிருக்கணும்டா.”

“ஆயிருந்தா உன்ன மொத பெஞ்சுல உக்கார வெச்சு அடிச்சிருப்பேன்.”

திலகவதிக்கு இதெதுவும் பிடிக்கவில்லை. சோறு போடும்போது ஒருநாள், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “அவன் ஆசப்படறான், சரி. ஆனா அந்த வண்டியால அவனுக்கு ஒண்ணுன்னா, உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன். வெளையாட்டுக்குச் சொல்லல.”

அவள் விளையாட்டுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை.

மழைக்காலம் குறுக்கே வந்தது. ஐப்பசியில் கடல் காற்று ஷெட்டுக்குள் புகுந்து விளையாடியது. சுரண்டித் தேய்த்து பெயின்ட் அடித்த அடிப்பாகம், ஒரு வாரத்தில் மறுபடி துருவேறிச் செம்பட்டை பூத்தது. மறுபடி தேய்த்தான். மறுபடி பூத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவழகன் வரவில்லை. ஜுரம். அரவிந்தன் தனியாகக் காருக்கு அடியில் படுத்து, அந்தச் செம்பட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். இதைச் சமாளிக்காவிட்டால் தை மாதத்துக்குள் வண்டி ரோட்டுக்கு வராது. தையில் மச்சானுக்குக் கை இருக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

முந்திரிக்கொட்டை எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோலை ஆட்டி எடுக்கிற கறுப்பு எண்ணெய். கையில் பட்டால் தோல் உரியும். மரப்படகுக்கு அதைத்தான் பூசுவார்கள். உப்பும் புழுவும் கிட்டே வராது. பூசுவதற்கு ஒரு முறை உண்டு. ஓர் இடம் விடக் கூடாது. மூட்டு, இடுக்கு, ஆணித் தலை, எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். விட்ட இடத்தில் உப்பு குடியேறிவிடும் என்பது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பங்காளி சின்னையன் வீட்டில் ஒரு டின் கிடந்தது. வாங்கி வந்து, கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, படகுக்குப் பூசுவது போலவே பூசினான். தகடு, ராடு, நட்டு, போல்ட்டு, குழாய். பிரேக் ஹோஸையும் விடவில்லை. காய்ந்ததும் இன்னொரு தடவை.

செம்பட்டை அதோடு ஓடிப்போனது.

மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் பண்ணுவான். “அடியில அண்டர்கோட் பெயின்ட் அடிச்சிட்டேன்டா” என்றதோடு சரி. வாசனையை மோந்துவிட்டு அறிவழகன், “என்னா மாமா, கருவாடும் தாரும் கலந்தாப்புல நாறுது” என்றான். அதற்கும் சிரித்து மழுப்பினான்.

மரத்தைக் காக்கிற எண்ணெய் ரப்பரை என்ன செய்யும் என்று அவன் யோசிக்கவே இல்லை. படகில் ரப்பர் ஏது?

தை பிறந்து, வண்டி கிளம்பியது.

தாழங்குடாவிலிருந்து சிதம்பரம் வரை அரவிந்தன் ஓட்டி வந்தான். பு.முட்லூர் தாண்டி ஒரு லாரிக்காக பிரேக் மிதித்தபோது பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்கியது போலிருந்தது. புது பேட், உட்கார நேரம் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அறிவழகன் வாசலில் தயாராக நின்றிருந்தான். நடை நன்றாகத்தான் இருந்தது. கால் இன்னும் அவனுடைய கால். கைதான் இரண்டும் கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தான். கியரை மணிக்கட்டால் தள்ளினான்.

“முடியுமா மச்சான்?”

“சும்மா வா மாமா. பயமா இருந்தா பின்னால போய் படுத்துக்க.”

அண்ணாமலை நகரைத் தாண்டி கிள்ளை ரோடு பிடித்தார்கள். பிச்சாவரம் போகிற டூரிஸ்டுகள் இன்னும் எழுந்திருக்காத நேரம். இரண்டு பக்கமும் வயல், நடுவே காலியான தார் ரோடு. அறிவழகன் ஒரு தடவை அரவிந்தனைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மிதித்தான்.

நாலாயிரம். ஐயாயிரம். அதற்கு மேல் இன்ஜினின் குரல் மாறியது. சீட்டு முதுகில் அறைந்தது. அறிவழகன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. முள் ஏழாயிரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் முகத்தில், நோய் வந்ததிலிருந்து காணாமல் போயிருந்த ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

வளைவு திரும்பியதும் பண்ணைப் பாதையிலிருந்து இறால் வேன் ஒன்று பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது.

அறிவழகன் பிரேக்கை மிதித்தான்.

வண்டி நிற்கவில்லை.

அரவிந்தன் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். வண்டி குறுக்கே திரும்பி, வேனை மயிரிழையில் தவறவிட்டு, மதகுச் சுவரில் போய் மோதியது. பானெட் இரண்டாக மடிந்தது. ரேடியேட்டர் புஸ்ஸென்று ஆவி விட்டது.

இரண்டு பேருக்கும் பெரிய அடி இல்லை. அறிவழகன் நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“கால் வரல மாமா” என்றான் மெதுவாக.

“என்னாடா?”

“மிதிச்சேன்னு நெனச்சேன். மிதிக்கல. கால் வரல. கால் போயிட்டுது.”

அரவிந்தன் கீழே குனிந்து பார்த்தான். அறிவழகனின் வலது கால் பெடலைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டு இருந்தது. முட்டி விறைத்து நின்றது. முழு பலத்தோடு மிதித்த கால் அது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கி, முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டான். ஹோஸ் ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழவென்று இருந்தது. ஓரிடத்தில் பலூனாகப் பருத்து, வெடித்து, பிரேக் ஆயில் சொட்டியது. விரலெல்லாம் கறுப்பு. அந்த நாற்றம்.

சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தான். போன் அடித்தது. திலகவதி.

“எங்க இருக்கீங்க? தம்பி எப்டி ஓட்டறான்?”

அரவிந்தன் கறுத்த விரலைச் சட்டையில் துடைத்தான். “வண்டி ஒண்ணு குறுக்க வந்துட்டுது. யாருக்கும் ஒண்ணும் இல்ல” என்றான்.

“அவன்கிட்ட குடுங்க.”

போனை மச்சான் காதில் வைத்தான்.

“மாமா மேல தப்பு இல்லக்கா” என்றான் அறிவழகன். “என் காலு.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் திலகவதி, “நல்லவேள நீங்க பக்கத்துல இருந்தீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டபோதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டான்.

அந்த நாளைக்குள் அறிவழகன் கட்டிலுக்குப் போய்விட்டான்.

நடப்பதை நிறுத்தினான். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண்ணைத் திருப்பி அனுப்பினான். போன கால் போனதுதான், அதற்கு எதற்குத் தாலாட்டு என்றானாம். அவன் அம்மா புஷ்பவள்ளி ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தாள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான். அதுதான் எல்லோரையும் அழ வைத்தது.

மாசி நடுவில், அரவிந்தன் தாழங்குடா போய், ஷெட்டுக்கே இழுத்து வந்து போட்டிருந்த நசுங்கிய காரிலிருந்து அந்த ஹோஸை அறுத்துப் பேப்பரில் சுருட்டி எடுத்து வந்தான். மனைவி முகத்தில் முழிக்காவிட்டால் போகட்டும். இதற்கு மேல் தாங்காது.

அறிவழகன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளி கடைக்குப் போயிருந்தாள். அரவிந்தன் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எண்ணெய், டின், படகு, ஊறிய ரப்பர், பு.முட்லூரில் இறங்கிய பெடல், தரையோடு ஒட்டியிருந்த கால் என்று எல்லாவற்றையும் கொட்டினான். ஹோஸை மச்சான் மடியில் வைத்தான்.

அறிவழகன் அதை எடுக்கப் பார்த்தான். விரல் பிடிக்கவில்லை. விட்டுவிட்டான்.

“அம்மா மந்திரிச்ச தகடு கொண்டாந்துது” என்றான். “அக்கா கேரளாவுல ஒரு வைத்தியர் இருக்காருன்னுது. நீ ஹோஸ் கொண்டாந்திருக்க.”

“சத்தியமா மச்சான். நான் பாத்தேன், உன் காலு முழுசா மிதிச்சிருந்துது.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“உங்கக்காவுக்கு பயந்துக்கினு.”

அறிவழகன் சிரித்தான். “நல்லா யோசிச்சிருக்க மாமா. ஆனா ஹோஸுக்கு எவனாச்சும் முந்திரி எண்ண பூசுவானா? அதுவும் நீ? இதே மாதிரி ஒரு ஹோஸ புதுப்பேட்டைல எங்க வேணா பொறுக்கலாம்.”

“நான்தான்டா பூசனேன்.” அரவிந்தன் இன்னும் கிட்டே நகர்ந்தான். “வேணும்னா இப்ப பாரு. என் கைய மிதி. நானே சொல்றேன், எவ்ளோ பலம் இருக்குதுன்னு.”

மச்சானின் வலது காலை நாற்காலியின் கால்படியிலிருந்து தூக்கி, தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டான். கால் சில்லென்றிருந்தது.

“மிதிடா.”

அறிவழகன் கண்ணை மூடிக்கொண்டான். பல்லைக் கடித்தான். அரவிந்தன் காத்திருந்தான். உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. துவைத்துப் பிழிந்த துண்டைப் பிடித்திருப்பது போலிருந்தது. கட்டிலிலும் நாற்காலியிலும் கிடந்தே கால் கரைந்துவிட்டதா? எல்லாம் தன்னால்தானா?

“தெரியுதா மாமா?”

“தெரியுது.” அரவிந்தன் வேகமாகத் தலையாட்டினான். “நல்லா தெரியுது மச்சான். ஜாஸ்தியாவே பலம் இருக்குது.”

அறிவழகன் கண்ணைத் திறந்தான். அதில் கோபம் இல்லை.

“நான் இன்னும் மிதிக்கவே இல்ல மாமா. ஹோஸ் கதையும் இதே மாதிரிதான?”

அறிவழகன் காலைத் தானே வெடுக்கென்று இழுத்துப் படிமேல் வைத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் அரவிந்தனின் கைகள் இரண்டும் விலகிப் போயின.

“டிவி சத்தத்த கொஞ்சம் கூட்டிட்டுப் போ” என்றான்.