விறகு சுமந்த நிமிடங்கள்

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நர்ஸ் தூவா கணினிக்கு முன்னால், சுழல் நாற்காலியில். அவளுக்கு எதிரே, சட்டைக் கையை இன்னும் இறக்கிவிடாமல், ஹெல்மர். அவர் மனைவி மைவோர் கதவோரம், கோட்டுகள் தொங்கிய கொக்கிகளுக்குக் கீழே, குட்டைப் பெஞ்சில். இருவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தாயிற்று. காத்திருந்தபோது அவர்கள் நிரப்பிக் கொடுத்த தாள்கள் மட்டும் பாக்கி.

வழக்கமான ஒரு வாரத்தில், மூச்சு வாங்கும் அளவுக்கு எத்தனை நிமிடம் உடம்பை அசைக்கிறீர்கள் என்பது கேள்வி. ஹெல்மர் கடைசிக் கட்டத்தில் கோடு போட்டிருந்தார்: 120 நிமிடத்துக்கு மேல்.

"அறுபத்தேழு வயசுல இந்தக் கட்டத்தைத் தொடுறவங்க ரொம்பக் குறைவு, ஹெல்மர். என்ன பண்றீங்க?" என்றாள் தூவா.

"விறகு."

"விறகு சுமக்கறதும் கணக்குதான்." அவள் விசைகளைத் தட்டினாள். "இதயத்துக்கு ஆபத்து குறைவுன்னுதான் வருது. மாத்திரை இப்ப வேண்டாம். அடுத்த வருஷம் பார்ப்போம். மைவோர், நீங்கதான் கொஞ்சம் கூட்டணும். முப்பதுக்குக் கீழே போட்டிருக்கீங்க."

மைவோர் வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்தில் நாற்பது சுற்று நீந்துகிறவள். ஆனால் மூச்சு வாங்குவது கடைசி நாலு சுற்றில்தான். அதைத்தான் எழுதியிருந்தாள். ஹெல்மரைப் பற்றி எதையோ சொல்ல வாயெடுத்தாள். இன்னொருவர் உடம்பைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே பேசுவது அந்தக் குளிர் தேசத்து வடகோடி ஊரில் வழக்கமில்லை, கணவனே ஆனாலும். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

காரில் ஹெல்மருக்கு ஒரே குஷி. "கேட்டியா? நீதான் கூட்டணுமாம். நாளையிலேர்ந்து விறகை நீ எடு."

"விறகுக்கு எவ்வளவு நேரம் ஆகுது உனக்கு?"

"அரை மணி."

"வீட்டுலேர்ந்து விறகுக் கொட்டகை இருபது தப்படிதான். முன்னெல்லாம் காப்பி கொதிக்கறதுக்குள்ள வந்துடுவியே."

"நடுவுல நின்னு நின்னு வர்றேன். மூச்சு வாங்குது. அதைத்தானே கேட்டாங்க? அரை மணி, ஏழு நாள், இருநூத்திப் பத்து நிமிஷம். பொய் ஒண்ணும் எழுதலியே."

பொய் இல்லைதான். அங்கேதான் அவளுக்குத் தலை சுற்றியது. இலையுதிர் காலத்தில் பத்து நிமிடம், இப்போது முப்பது. அடுத்த மாதம் ஒரு மணி நேரமானால் தாள் இன்னும் மெச்சும். எவ்வளவுக்கெவ்வளவு நிற்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு ஆரோக்கியம். அல்லது தூவா படித்தவள், அவளுக்குத் தெரியாததா? நின்று மூச்சு வாங்குவதும் உடம்புக்கு நல்லதோ என்னவோ.

"நெஞ்சை அடைக்குதா?"

ஹெல்மர் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். அந்தப் பக்கத்தில் ஆமாம் என்று சொல்வது அப்படித்தான்.

"இது ஆமாவா, மூச்சா?"

"ரெண்டும்," என்றார்.

மறுநாள் காலை அவள் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலில் நின்று, ஹெல்மர் விறகு எடுத்து வருவதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தூவாவுக்குக் கடிதம் எழுதினாள். தொலைபேசியில் சொன்னால் திரும்ப ஹெல்மரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பரவாயில்லை என்று வைத்துவிடுவார்.

"ஹெல்மர் எழுதிய நிமிடங்கள் சரி. ஆனால் இன்று முப்பத்திரண்டு நிமிடத்தில் அவர் நடந்தது ஆறு நிமிடம்தான். மீதி நேரம் நின்றார். போன செப்டம்பரில் நிற்கவில்லை. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் வரை காத்திருக்கலாமா என்பதும் தெரியவில்லை."

அவள் நீட்டிய கடிதத்தை ஹெல்மர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"என்னைக் காட்டிக்கொடுக்கறே."

"ஆமா."

"எல்லாமே நல்லாயிருக்குன்னு சொல்லி அனுப்பிச்சவங்ககிட்ட."

"அதான் எனக்கும் புரியல."

அவர் பேனாவை வாங்கி ஆறு என்பதை அடித்து நாலு என்று திருத்தினார். "கொட்டகைக்குள்ள விறகுக் கட்டை மேல உக்கார்ந்திருந்தேன். ஜன்னல்லேர்ந்து அது தெரியாது." அடியில், நெஞ்சை அடைக்கிறது, இடது பக்கம், என்று ஒரு வரி சேர்த்துத் தன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினார்.

"நாலுன்னா மோசமா?" என்று கேட்டார்.

"தெரியல. அவங்க சொல்லட்டும்."

மைவோர் உறையை ஒட்டினாள். மாலை வண்டி தபாலை எடுத்துப் போவதற்குள் தானே காரை எடுத்துக்கொண்டு போய், மஞ்சள் தபால் பெட்டியில் போட்டாள்.