யாருடைய சால்வை?

என் கணவர் கால்நடை மருத்துவர். அவரும் கூட வேலை பார்க்கும் டாக்டரம்மாவும் சேர்ந்து தெருநாய்களுக்காக ஒரு காப்பகம் தொடங்கினார்கள். பெயர் 'நீலச் சால்வை'. பலகைக்கும் வேனுக்கும் சின்னம் வரைந்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. விளம்பரப் படம் வரைவதுதான் என் பிழைப்பு.

"நாய்க்கு எதுக்குங்க சால்வை?" என்று கேட்டேன்.

"பேரு நல்லாயிருக்கில்ல?" என்று நழுவிவிட்டார்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது நாத்தனார்தான். "உங்களுக்குத் தெரியாதா அண்ணி? வண்டி மோதிக் கிடந்த நாய் யாரையும் கிட்ட விடலையாம். டாக்டரம்மா தன்னோட நீலச் சால்வையைப் போட்டு அது கண்ணை மூடினாங்களாம். உடனே அடங்கிடுச்சாம். அதைச் சொல்றப்போ அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!"

எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தவள் சால்வைக்கா இத்தனை நாள் மடிப்பு மடிப்பாக நிழல் தீட்டினேன்? அன்று மாலையே படத்திலிருந்த சால்வையைப் பழுப்பாக்கினேன்.

அவர் கணினித் திரையைப் பார்த்து விழித்தார். "நீலச் சால்வைன்னு எழுதிட்டு இது என்ன சாக்குப்பை?"

"நாய்க்குத்தான் கலர் தெரியாதே."

"நீலம் நல்லாவே தெரியும்."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ஏன் என்னைக் கூப்பிடலை?" என்றேன்.

"நாயைக் கண்டா எதிர்வீட்டு மாடி ஏறிடுவியே, தாயே!"

உண்மைதான். அதனாலேயே இன்னும் எரிந்தது. "நாளைக்கு நானும் வர்றேன்."

காப்பகத்தில் கறுப்பு நாயொன்று கூண்டின் மூலையில் பல்லைக் காட்டி உறுமியது. அதன் காலில் கட்டு மாற்ற வேண்டும். டாக்டரம்மா சால்வையை எடுத்தார். நான் கையை நீட்டினேன். என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், கொடுத்துவிட்டார்.

"பின்பக்கமா வாங்க. தலைமேல போட்டதும் கையை எடுத்துடுங்க."

போட்டேன். பயத்தில் கையை எடுக்க மறந்தேன். நாய் துள்ளியதில் நகம் பட்டு என் சுண்டுவிரல் கிழிந்தது. பிறகு துணிக்குள்ளிருந்து அந்தத் தலை கனமாக என் உள்ளங்கையில் சாய்ந்தது. வேலை முடியும்வரை நான் அசையவில்லை.

என் விரலைக் கழுவிக் கட்டுப்போட்டவர் என் கணவர்தான். "வா, மனுஷங்களுக்கு ஊசி போடுற ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மறுநாள் சால்வையை நீலமாக்கினேன். அதைப் போர்த்தும் கை ஒன்றையும் சேர்த்து வரைந்தேன், சுண்டுவிரலில் கட்டோடு.

வேனில் படம் ஒட்டியதும் டாக்டரம்மா கிட்டே வந்து பார்த்தார். "சால்வை அப்படியே என்னோடதுதான். கை யாரோடது?"

"டாக்டர் பொண்டாட்டியோடது."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேனின் முன்சீட்டில் ஏறி, என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.