பதினெட்டுதான் கொண்டுவந்திருப்பீங்க

திருடிய பொருளைத் திருடியவளே உட்கார்ந்து துலக்கிப் பளபளவென்று ஆக்கி அழகு பார்த்ததைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, சனிக்கிழமை தவறாமல்.

என் கார் கொட்டகையில் மெருகு இயந்திரம் ஒன்று இருக்கிறது. பெயர்தான் பெரிசு. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, அடியில் ஒரு மோட்டார், உள்ளே மக்காச்சோளத் தக்கையை உடைத்த குருணை, அவ்வளவே. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடுகளை அதில் கொட்டி விசையைத் தட்டினால் வாளி மூன்று மணி நேரம் குளிர்காய்ச்சல் கண்டது போல நடுங்கும். புகைக் கறுப்பும் விரல் அழுக்கும் குருணையோடு போய்விடும். சல்லடையில் சலித்து எடுத்து, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்தால் அதே கூட்டை மறுபடி சுடலாம். மான்டானாவில் எங்கள் பக்கம் வேட்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்த வாளி நடுங்கிக்கொண்டிருக்கும். மெருகு வெறும் அழகுக்காக இல்லை. அழுக்கு போனால்தான் எந்தக் கூட்டில் விரிசல் இருக்கிறது என்று தெரியும்.

என் துப்பாக்கி ராபர்ட்ஸ் ரகம். பழைய ரகம். அதற்கான பித்தளை இரண்டு வருடமாக எந்தக் கடையிலும் கிடையாது. இந்த வட்டாரத்தில் அதே ரகம் வைத்திருந்த இன்னொரு ஆள் ஆர்விட் ஹாகன் மட்டும்தான். அவருக்கு எண்பத்தொரு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகத் தனியாக இருக்கிறார். சனிக்கிழமை காலை தன் பச்சை பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு ஜல்லிக்குழிக்குப் பின்னாலிருக்கும் சுட்டுப் பழகும் திடலுக்கு வருவார். இருபது தோட்டா சுடுவார். பத்தொன்பதும் கிடையாது, இருபத்தொன்றும் கிடையாது. அடுத்தவர் பித்தளையோடு கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கூட்டின் அடியிலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருப்பார்.

அவருக்கு முட்டி போய்விட்டது, குனிய முடியாது. சுட்ட கூடுகள் காலடி ஜல்லியில் சிதறிக் கிடக்கும். "நீங்க உக்காருங்க, நான் பொறுக்கித் தரேன்" என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அதையாவது நம்புங்கள்.

"வாம்மா பஸ்காரி, உன் புண்ணியத்துல என் முட்டி இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்பார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஊரே ட்ரூடி என்று கூப்பிட்டாலும் அவருக்கு நான் பஸ்காரிதான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கூடு என் பூட்ஸுக்கு அடியில் போயிற்று. எடுத்தேன். கை ஆர்விட்டின் தோட்டாப் பெட்டிக்குப் போகவில்லை, சட்டைப்பைக்குப் போயிற்று. அதற்குத் துணையாக இன்னொன்றும் போயிற்று.

பெட்டியில் விரல் வைத்து எண்ணினார் ஆர்விட். "பதினெட்டு. இருபது இருக்கணுமே?"

"நல்லா பாத்துட்டேன் ஆர்விட். கீழ ஒண்ணும் இல்ல."

"இல்லம்மா. நேத்து மேஜைல ரெண்டு வரிசையா அடுக்கினேன். பத்து, பத்து."

அப்போது சொன்னேன் அந்த வார்த்தையை. யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் வாய் என்னுடையதுதான். "பதினெட்டுதான் கொண்டுவந்திருப்பீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அப்படியாம்மா இருக்கும்?" என்றார்.

நான் மறுபடி முட்டி போட்டுத் தேடினேன். சட்டைப்பையில் கிடப்பதை ஜல்லியில் தேடினேன்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் என்பார்களே, என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். தேடியதற்கு அவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் வாளியில் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துச் சலித்தால் சிவப்புக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. யாருடையதாகவும் இருக்கலாம் என்பது போல உள்ளங்கையில் மின்னின. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு வழியில்லாமல் திருடினேன் என்றால் ஒரு நியாயம் இருக்கும். குளிர்பெட்டி நிறைய மானிறைச்சி இருந்தது. வேறு ரகத் துப்பாக்கி ஒன்றும் இருந்தது, அதற்குப் பித்தளை கடையில் கொட்டிக் கிடந்தது. எனக்கு ராபர்ட்ஸ் துப்பாக்கியோடு காட்டுக்குப் போக ஆசை, வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு வாரம் இரண்டு, ஒரு வாரம் ஒன்று, துணிச்சல் வந்த பிறகு மூன்று. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. ஜூலைக்கு அப்புறம் நான் அதைச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, அவரே சொல்லிக்கொண்டார். "பதினேழா? சரிதான். பதினேழுதான் கொண்டுவந்திருப்பேன்." பஸ்காரி என்று கூப்பிடுவதும் குறைந்தது. ஆகஸ்ட் கடைசியில் திடலுக்கு வருவதே நின்றது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சேர்த்ததை எண்ணினேன். ஒன்றின் கழுத்தில் மயிரிழை விரிசல், அதைக் கழிவு வாளியில் வீசினேன். மீதி முப்பது, ஒரு காபி டின்னில்.

செப்டம்பரில் மார்கிட் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆர்விட்டின் மகள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள், இப்போது பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கிறாள். கையில் அப்பாவின் தோட்டாப் பெட்டி.

"ட்ரூடி, நீதான் அவரோட சனிக்கிழமை சனிக்கிழமை இருக்க. மறைக்காம சொல்லு. அப்பாவுக்கு ஞாபகம் தப்புதா?"

"ஏன் கேக்குற?"

பெட்டியின் மூடியைத் திறந்து உட்பக்கத்தைக் காட்டினாள். பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். '20 – 18. 20 – 19. 20 – 18.' கீழே போகப் போகக் கையெழுத்து நடுங்கியது. '20 – 17?' கேள்விக்குறிகள் கூடிக்கொண்டே போயின. கடைசி வரி: 'எண்ணினேன். கிளம்பும்போது இரண்டு தடவை எண்ணினேன்.'

"போன மாசம் அவரே பிக்கப் சாவிய என் கையில குடுத்துட்டாரு" என்றாள் மார்கிட். "இருபது வரைக்கும் எண்ணத் தெரியாதவன் ரோட்டுல வண்டி ஓட்டக்கூடாதாம். வித்துட்டேன். பில்லிங்ஸ்ல ஒரு முதியோர் இல்லத்துல ரூம் பாத்திருக்கேன், ஒண்ணாம் தேதி கூட்டிட்டுப் போகணும். துப்பாக்கியெல்லாம் என் வீட்டுக்காரர் எடுத்துக்குவாரு. நான் அவசரப்படுறேனோன்னு இருக்கு. நீ சொன்னா நம்புவேன்."

ஒரே வாக்கியம் போதும், சொல்லியிருக்கலாம். திருடனைத் தேள் கொட்டியது போல நின்றேன். கடைசியில் வாயைத் திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாகுதில்ல, மார்கிட்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த இரண்டு நிமிடத்தை என் ஆயுள் கணக்கிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை.

மறுநாள் காலை பஸ் ஓட்டிக்கொண்டு போனேன். என் பாதை ஆர்விட் வீட்டு வழியாகத்தான் போகும். தபால் பெட்டியருகே நின்று பிள்ளைகளுக்குக் கையாட்டுவது அவர் வழக்கம். அன்றைக்குக் கையாட்டவில்லை, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜன்னலைத் திறந்தேன்.

"ட்ரூடி, இன்னைக்குச் செவ்வாய்தானே?"

"ஆமா, செவ்வாய்தான்."

"அப்படித்தான் நெனச்சேன். சும்மா, சரியான்னு கேட்டுக்கலாம்னு." சிரிக்கப் பார்த்தார்.

மனுஷனுக்குக் கிழமை நன்றாகத் தெரிந்திருந்தது. தன்னை நம்பத்தான் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை வைத்த நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டினேன். டின்னை எடுத்துக்கொண்டு அதே மஞ்சள் பஸ்ஸில் ஆர்விட் வீட்டுக்குப் போனேன். சொந்த வேலைக்குப் பஸ்ஸை எடுத்தால் வேலை போகும். ஆனால் கார் மாற்ற நின்றிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

மார்கிட் சமையலறையில் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆர்விட் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் டின்னை வைத்தேன்.

"உங்களோடது ஆர்விட். நான்தான் எடுத்தேன். பொறுக்கித் தரேன்னு சொல்லிச் சொல்லி எடுத்தேன். நீங்க ஒரு தடவைகூடத் தப்பா எண்ணல."

மார்கிட்டின் கையில் கோப்பை அப்படியே நின்றது. ஆர்விட் டின்னை மேஜையில் கவிழ்த்தார். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் தடவினார். பிறகு பத்துப் பத்தாக அடுக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. மூன்று வரிசை வந்தது.

"ஒண்ணு கொறையுது" என்றார்.

மார்கிட் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து மூடியில் எழுதியிருந்த குறைவுகளைக் கூட்டினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "முப்பத்தொண்ணு" என்றாள்.

"ஒண்ணு கழுத்துல விரிஞ்சிருந்துச்சு" என்றேன். "வீசிட்டேன்."

"விரியும். அது பன்னெண்டு தடவ சுட்டது. அடுத்த தடவ தூக்கிப் போடணும்னு வெச்சிருந்தேன்."

மார்கிட் என் பக்கம் திரும்பினாள். "நேத்து என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னியேடி! வயசாகுதுன்னு சொன்னியே! நீயெல்லாம் ஒரு மனுஷியா? பித்தளைடி! வெறும் பித்தளை!"

அவள் இன்னும் நாலு வார்த்தை சொன்னாள், எல்லாமே எனக்குத் தகும். ஆர்விட் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"பித்தளை கெடக்குது விடு" என்றார். என்னைப் பார்க்காமல் அந்தக் கூடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கேட்டிருந்தா பாதிய உனக்குக் குடுத்திருப்பேன். நான் எத்தன வருஷம் சுடப்போறேன்? ஆனா 'பதினெட்டுதான் கொண்டுவந்திருப்பீங்க'ன்னு சொன்ன பாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் தெனமும் பாக்குறேன். இன்னைக்கும் பாத்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது என் காதுக்கே சின்னதாகக் கேட்டது.

"மார்கிட், அந்தக் கோப்பைங்கள அவுத்து மறுபடி உள்ள வை" என்றார் அவர். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு வண்டி இல்ல. சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்து நீதான் கூட்டிட்டுப் போகணும்."

நாலு நாளும் தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை திடலில் என்னை நிறுத்தி எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். எட்டு மணிக்குப் போய் ஏற்றிக்கொண்டேன்.

திடலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாரும் தெரிந்த முகங்கள். ஆர்விட் தன் இடத்தில் உட்கார்ந்து நிதானமாக இருபதும் சுட்டார். கூடுகள் ஜல்லியில் கிடந்தன, சிவப்புக் கோடுகள் தெரிந்தன. பழக்கதோஷம், நான் குனிந்தேன்.

"நில்லு" என்றார்.

நின்றேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டியை மடக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததையும் மடக்கிக் கீழே இறங்கினார். ஜல்லியில் தவழ்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு." ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கியது. அடுத்த மேஜைக்காரர் பெர்ன் தாங்க மாட்டாமல் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன ட்ரூடி, பெரியவர் தவழுறாரு, நீ கைய கட்டிட்டு நிக்கிற? குனிஞ்சு எடுத்துக் குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முகம் எரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆர்விட் ஜல்லியிலிருந்தபடியே முந்திக்கொண்டார்.

"அவளை ஒண்ணும் சொல்லாத பெர்ன். நான்தான் நிக்கச் சொன்னேன். அவ எண்ணிக்கிட்டு இருக்கா."

கடைசிக் கூடு என் பூட்ஸை ஒட்டிக் கிடந்தது. அங்கே வந்து அதையும் எடுத்தார். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. மேஜையைப் பிடித்துத் தானே எழுந்தார். பேன்ட் முட்டியில் ஜல்லித்தூள் ஒட்டியிருந்தது. பெட்டியை என் முகத்துக்கு நேராகத் திறந்து நீட்டினார்.

"எத்தன?"

"இருபது" என்றேன்.

"கேக்கல."

"இருபது, ஆர்விட். இருபதுதான் கொண்டுவந்தீங்க."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து மூடியின் உட்பக்கம் எழுதிக்கொண்டார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு என் வண்டியை நோக்கி நடந்தார்.