ஜில்லுன்னா இன்னொண்ணு

அந்தப் பெரிய கடையின் மூன்றாவது மாடியில் படுக்கைப் பிரிவு இருந்தது. அங்கே வேலை பார்த்த அவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் டிகிரி. படித்து வாங்கிய டிகிரி எதுவும் அவளிடம் கிடையாது. போர்வை கேட்டு யார் வந்தாலும், நிறம், பூ, கோடு என்று அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "உங்க ரூம்ல எத்தனை டிகிரி இருக்கும்?" என்று கேட்டுவிடுவாள். கேட்ட முக்கால்வாசிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். தான் தூங்குகிற அறை எவ்வளவு சூடு என்று தெரியாமலே மனிதர்கள் கல்யாணம் செய்து பிள்ளையும் பெற்றுவிடுகிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்காது.

ஒவ்வொரு பஞ்சுப் போர்வையின் ஓரத்திலும் சின்னத் துணிப்பட்டை ஒன்று தைத்திருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏறக் கதகதப்பு ஏறும். நான்கு என்றால் வெயில் காலத்துக்கு. பதிமூன்று என்றால் ஜன்னல் கண்ணாடி உறைகிற குளிருக்கு. அவருக்கு வியர்க்கிறது, எனக்கு நடுங்குகிறது, இருவருக்கும் நடுவாக ஒரு எண் கொடுங்கள் என்று வருகிற தம்பதிகளிடம், "நடுவுல எடுத்தா ரெண்டு பேருமே தூங்க மாட்டீங்க. ஆளுக்கொரு போர்வையா வாங்கிக்கோங்க, சண்டை பாதி குறையும்" என்பாள். மீதிப் பாதி சண்டைக்கு இந்த மாடியில் சரக்கு இல்லை என்றும் சேர்த்துச் சொல்வாள்.

கைக்குழந்தை என்று வந்துவிட்டால் மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு வயது வரை பஞ்சுப் போர்வையே கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுவாள். தோளில் மாட்டி ஜிப் போடுகிற தூக்கப்பைதான் கொடுப்பாள், அதுவும் அறையின் சூட்டைக் கேட்டுக்கொண்டுதான். "கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கேம்மா" என்று யாராவது பெரியவர்கள் இழுத்தால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"கையும் காலும் பொய் சொல்லும். பிடரி சொல்லாது. பிடரியில ரெண்டு விரலை வச்சுப் பாருங்க. ஜில்லுன்னா இன்னொண்ணு, சூடுன்னா ஒண்ணு குறைச்சல்."

ஏழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது பாட்டு மாதிரி ஆகிவிட்டது. கேட்டவர்கள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள். மேலாளர் அதை ஓர் அட்டையில் அச்சடித்துக் குழந்தைப் பொருட்களுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

ஊருக்கெல்லாம் கதகதப்பு அளந்து கொடுத்தவளுக்கு வீட்டில்தான் கணக்கு உதைத்தது.

வீட்டில் மூன்று பேர். அவள், ஏழு மாதப் பாப்பா, மாமனார். கணவன் கப்பலில் வேலை பார்த்தான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவான். மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு தடவைகூட சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற ஒரே பெருமை. போன வருஷம் வந்த நோய் அவர் எடையில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மீதி உடம்புக்கு எப்போதும் குளிர்.

அவள் முதலில் ஒன்பதாம் எண் போர்வை கொண்டுவந்தாள். பிறகு பத்தரை. கடைசியில் கடையிலேயே கனமான பதிமூன்று.

"எப்படி இருக்கு மாமா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல, "லேசாத்தான் குளிருது" என்பார்.

ஹீட்டரைக் கூட்டினால் பாப்பாவுக்கு வேர்க்குரு பொங்கிவிடும். குறைத்தால் கிழவருக்கு உதடு நீலம் பாரித்துவிடும். ஆளுக்கோர் அறையில் படுக்க வைக்கவும் வழியில்லை. பகலில் அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். எனவே ஹாலிலேயே இருவருக்கும் இடம், ஹீட்டர் இருபதில், அவருக்குப் பதிமூன்று, பாப்பாவுக்கு மெல்லிய தூக்கப்பை என்று ஒரு மாதிரி ஒப்பேற்றியிருந்தாள். பாப்பாவுக்குப் பாட்டில் கொடுக்க, துணி மாற்ற, மடியில் வைத்து ஸ்டியரிங் திருப்பிக் காட்ட, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பாப்பாவும் அவர் குரல் கேட்டாலே இரண்டு கைகளையும் நீட்டிவிடுவாள். அம்மாவிடம்கூட அவ்வளவு ஆவலாக வருவதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

பாப்பாவுக்குக் குளிர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் ஒரு நாள் கேட்டார். அவள் பை மாட்டிக்கொண்டு கிளம்புகிற அவசரத்தில் அந்தப் பாட்டைச் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு அவள் மூன்று மணிக்கு வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததும் அசாத்திய அமைதி. மாமனார் வெறும் ஸ்வெட்டரோடு குழந்தைக் கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பல் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார். 'இவர் போர்வை எங்கே?' என்று நினைத்துக்கொண்டே கட்டிலைப் பார்த்தாள்.

பாப்பா தூக்கப்பைக்குள் இருந்தாள். அதற்கு மேல் ஒரு கம்பளி. அதற்கு மேல் நாலாக மடித்த அவருடைய பதிமூன்று.

எல்லாவற்றையும் வாரி எறிந்தாள். பாப்பாவின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. முடி மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. கூப்பிட்டதற்குக் கண் பாதி திறந்தது, திறந்தபடியே நின்றது. அவளை அப்படியே அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், தெருமுனை மருத்துவமனைக்கு ஓடினாள். பின்னாலேயே அவரும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார்.

ஈரத்துணி, மின்விசிறி, கையில் ஊசி. முக்கால் மணி நேரம் கழித்துப் பாப்பா வீறிட்டு அழுதாள். இவ்வளவு சந்தோஷமாக ஓர் அழுகையை அவள் கேட்டதே இல்லை.

"இவ்வளவு துணி ஏன் போட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். திட்டுகிற குரலில் அல்ல, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

மாமனார் எழுந்து நின்று பதில் சொன்னார். "இவ சொன்ன மாதிரிதாங்க பார்த்தேன். பிடரியில ரெண்டு விரலை வச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. கம்பளி போட்டேன். அரை மணி கழிச்சு மறுபடியும் பார்த்தேன். அப்பவும் ஜில்லுன்னுதான் இருந்துச்சு. ஈரமாவும் இருந்துச்சு. பாவம், குளிருதேன்னு என்னோடதை எடுத்துப் போட்டேன்."

"அது வேர்வை, ஐயா. வேர்த்த இடத்துல காத்து பட்டா ஜில்லுன்னுதான் இருக்கும். சட்டைக்குள்ள நெஞ்சுல கையை வச்சுப் பார்த்திருந்தா கொதிச்சிருக்கும்."

அவர் தலையாட்டினார். அவள் ஆட்டவில்லை. ஏழு வருஷம், எத்தனை குழந்தைகள், எத்தனை பிடரிகள் என்று அவள் மனம் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு கிழவருடையது அல்ல என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன், கோபம் வந்து இறங்குவதற்கு எதிரே அவர்தான் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் போர்வைகளையும் கம்பளிகளையும் அலமாரியில் திணித்துப் பூட்டினாள். அவருடையது ஒன்றைத் தவிர.

"இனிமே நான் வேலைக்குப் போனா, அவ மேல ஒரு கைக்குட்டைகூடப் போடாதீங்க" என்றாள். குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்கே கேட்டது. "ஜில்லுன்னு இருக்கா, சூடா இருக்கான்னு பார்க்க வேணாம். ஒண்ணுமே செய்ய வேணாம். நீங்க தொடாம இருந்தாலே போதும் மாமா, அவ நல்லா இருப்பா."

"சரிம்மா" என்றார் அவர்.

இரண்டு நாள் அவள் லீவு போட்டாள். பிரசவத்துக்கே எல்லா லீவும் கரைந்துபோயிருந்ததால் மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். குழந்தைகள் காப்பகத்தில் அடுத்த மாதம் முதல் தேதிதான் இடம் காலி என்றார்கள். அதற்கு இன்னும் ஒன்பது நாள். எதிர்வீட்டுக்காரி ஊரில் இல்லை. கப்பலுக்குப் போன் போட்டாள். அலை இரைச்சலுக்கு நடுவில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் இங்கேருந்து என்ன பண்ண முடியும், சொல்லு" என்றான்.

"நீ ஒண்ணும் பண்ண முடியாது. இங்கே இருக்கிற நானும் ஒண்ணும் பண்ண முடியலை" என்றாள்.

மேலாளர் கடைசியில் இறங்கிவந்து, ஒன்பது நாளைக்குத் தினமும் நான்கு மணி நேரம் வந்தால் போதும் என்றார். அவள் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்தாள். ஹீட்டரை இருபதில் வைத்து அதன் மேல் காகிதம் ஒட்டினாள். பாப்பாவைத் தூக்கப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாமனார் பதிமூன்றைப் போர்த்திக்கொண்டு அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். போய்வருகிறேன் என்றதற்குத் தலையாட்டினார். இப்படி விட்டுப்போகக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. போகாமல் இருக்கவும் வழியில்லை.

கடையில் முதல் வேலையாக அந்த அட்டையைக் கழற்றி, இரண்டாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு ஓர் இளம் ஜோடி வந்தது. பிறந்து மூன்று வாரமான குழந்தை அப்பாவின் நெஞ்சோடு கட்டப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அறை எத்தனை டிகிரி என்று அவள் கேட்கும் முன்பே அந்தப் பெண் காகிதத்தில் எழுதிவந்ததைக் காட்டினாள். இப்படிப்பட்டவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேர்தான் வருவார்கள். மற்ற நாளாக இருந்தால் டிகிரி அவர்களைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"குளிருதா, வேர்க்குதான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்று அப்பாக்காரன் கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

"சட்டைக்குள்ள கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பாருங்க. பிடரியையும் பாருங்க. ஆனா ஈரமா இருந்தா, ஜில்லுன்னு இருந்தாலும் அது சூடுதான். துணியைக் குறைங்க."

"அப்போ அப்படிப் பார்த்தா தப்பே வராதில்ல?"

வராது என்று சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். "தெரியலைங்க" என்றாள். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். இருவரும் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் போனார்கள். அவர்கள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்போதே கிளம்பிவிட்டாள்.

வீட்டு மாடிப்படியிலேயே அழுகை கேட்டது. இப்போது ஆரம்பித்த அழுகை அல்ல. தொண்டை கட்டி, இடையிடையே சத்தம் வராமல் காற்று மட்டும் வருகிற அழுகை. சாவி துவாரத்தில் நுழையாமல் அவளைப் படுத்தி எடுத்தது.

பாப்பா கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்து, விழுந்து, மறுபடி பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை தூரத்தில் மாமனார் நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். போர்வை கோடி நாற்காலியிலேயே கிடந்தது. அவர் கண்ணிலிருந்து வழிந்தது தாடை வரை வந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவர் கையைப் பிரிக்கவில்லை.

"தொடலைம்மா" என்றார். "நீ போனதுலேருந்து ஒரு விரல்கூடப் படலை. பாட்டிலை மட்டும் கம்பி வழியா நீட்டிப் பிடிச்சேன். கொஞ்சம் குடிச்சா. அப்புறம் என்னைத் தூக்கச் சொல்லி அழ ஆரம்பிச்சுட்டா. தள்ளி நின்னு பாடிப் பார்த்தேன், அடங்கலை."

அவள் பாப்பாவை வாரி எடுத்தாள். சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டாள். ஈரமில்லை. கொதிப்பும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கடையில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் இதற்கு மேல் சரியாக வராது. இடுப்புத் துணி மட்டும் முழுக்க நனைந்திருந்தது.

"எவ்வளவு நேரமா அழறா?"

"நீ போய் ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சா" என்றார். அப்படியானால் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக அழுதிருக்கிறாள். கிழவரும் அவளோடு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்.

"மாமா, அன்னைக்கு நான் பயத்துல ஏதோ சொல்லிட்டேன். தப்பு உங்க மேல இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. அதை மனசுல வச்சுக்காதீங்க."

"நீ சரியாத்தான் சொன்னே. தொடலை, பாரு, நல்லாதானே இருக்கா?"

"நல்லா இருக்கா" என்றாள். வேறு என்ன சொல்வது? "இந்தாங்க, கொஞ்ச நேரம் வச்சிருங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன். கையை நீட்டுங்க மாமா."

அவர் நீட்டவில்லை. பின்னால் கோர்த்திருந்த விரல்கள் இன்னும் இறுகி வெளுத்தன. "வேணாம்மா. நீயே வச்சுக்கோ. நான் இங்கேருந்து பார்த்துக்கிறேன்."

"மாமா, நானேதானே சொல்றேன்."

"வேணாம்மா."

பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு, தாத்தாவின் குரல் வந்த பக்கம் திரும்பினாள். விக்கிக்கொண்டே இரண்டு கைகளையும் அவரிடம் நீட்டினாள்.

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.