யேசுரட்ணத்தின் நாவற்பழக் கார்

யேசுரட்ணத்தின் காருக்குள் ஏறி உட்கார்ந்த ஜம்புநாதனின் தலைமயிர், அவர் கதவைச் சாத்தி முடிப்பதற்குள் வெள்ளையாகிவிட்டது. 1991ஆம் ஆண்டு கோடையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, லண்டன் இல்ஃபோர்ட் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் அந்தக் காரைப் பார்க்க வந்திருந்த நேரம் அது. பலசரக்குக் கடை வைத்திருந்த ஜம்புநாதன் மகளின் கலியாணத்துக்காக முதல்நாள்தான் தலைக்கு மை பூசியிருந்தார். போன மை சட்டைக் கொலரிலும் இல்லை, இருக்கையிலும் இல்லை. அடுத்து ஏறிய பியற்றிஸின் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்தது. இடுப்பு ஏலாது என்று அரசாங்கத்தின் பெனிபிட் காசு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் காரைவிட்டு இறங்கி நிமிர்ந்து நடந்து தெருமுனைவரை போய்விட்டார். பிறகு நினைவு வந்து, தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனார். மாலைக்குள் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பூசியது, ஒட்டியது, பொய்யாகச் சேர்த்தது எதையும் அந்தக் கார் ஏறுகிறவரிடம் விட்டுவைக்காது. மழை வரும் என்றால் குடை எடுப்பதுபோல, சனம் அதற்கேற்ப நடந்துகொள்ளப் பழகியது. துணிந்தவர்கள் ஏறினார்கள், மற்றவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். காரின் சொந்தக்காரன் யேசுரட்ணம் அன்றும் ஏறவில்லை, அதன் பிறகு வெகுகாலமும் ஏறவில்லை.

கார் 1970இல் டெட்ரொயிட்டில் செய்யப்பட்டது. இரண்டே கதவு, எட்டுச் சிலிண்டர் எஞ்சின், நீண்ட மூக்கு. சஃபொக் பக்கத்து விமானத் தளத்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் கப்பலில் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது ஒரு பண்ணைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மினிகாப் என்ற வாடகைக் கார்களைத் திருத்தும் கராஜில் வேலைசெய்த யேசுரட்ணம் 1987இல் அதைக் கண்டபோது அதற்கு மஞ்சள் பெயின்ற் அடித்திருந்தது. எஞ்சினில் வேறு காரின் காபரேற்றர் இருந்தது. பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில் அதை வைத்துக்கொண்டு அவன் நான்கு வருடம் செய்ததெல்லாம், பிறகு வந்தவர்கள் சேர்த்ததை ஒவ்வொன்றாகக் கழற்றியதுதான். பழைய அமெரிக்கக் கார்க்காரர்களின் கிளப்பிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவனுக்கு விதியைச் சொல்லிக்கொடுத்தார். தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கவேண்டும், அதைவிட நன்றாக இருந்தாலும் பிழை. யேசுரட்ணம் அதை ஞானோபதேசம்போலப் பிடித்துக்கொண்டான். மஞ்சளைச் சுரண்டியபோது அடியில் பழுத்த நாவற்பழத்தின் நிறம் வந்தது. இடக்கதவின் கீழ்விளிம்பில், டெட்ரொயிட்டில் பெயின்ற் அடித்தவனின் கை பிசகி வழிந்த ஒரு துளியும் வந்தது. புதிதாக நாவல் நிறம் அடித்தபோது யேசுரட்ணம் அதே இடத்தில் அதே அளவில் ஒரு துளியை வழியவிட்டான்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி இம்மாகுலேற் அதைப் பார்த்துவிட்டு, "பிழையை ஏன் திரும்ப வைக்கிறியள்?" என்று கேட்டாள்.

"அது அதின்ரை சொந்தப் பிழை" என்றான் யேசுரட்ணம்.

கடைசி போல்ற் இறுகும்வரை அவன் எத்தனையோ தடவை அதற்குள் இருந்து வேலைசெய்தவன்தான், ஒன்றும் நடக்கவில்லை. கார் முழுதாகத் தன் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் அந்தக் குணம் வந்தது. ஜம்புநாதனின் வெள்ளைத் தலையைக் கண்ட கணத்திலிருந்து யேசுரட்ணம் அதை ஜன்னலுக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே விட்டு ஸ்டார்ட் பண்ணினான். தெருவில் ஓட்டிப் பார்க்கவேண்டி வந்தால் கிளப்காரரைக் கூப்பிட்டான். தன் கைவேலையில் அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறான் என்று சனம் பேசிக்கொண்டது.

மரியாதை ஒன்றுமில்லை. 1985இல் லண்டனில் வந்து இறங்கி, விசாரித்த அதிகாரி என்ன நடந்தது என்று கேட்டபோது, யேசுரட்ணம் சொன்னது கஸ்பருக்கு நடந்ததை. கஸ்பரும் அவனும் மன்னாரில் பேசாலைக் கரையிலிருந்து ஒரே போட்டில் கடலுக்குப் போனவர்கள். ஆமிக்காரர் கரைக்கு வந்து கஸ்பரைப் பிடித்துக்கொண்டு போனபோது யேசுரட்ணம் வலைக் குவியலுக்கு அடியில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் தொடவில்லை. மாதக்கணக்கில் முகாமில் கிடந்து வெளியே வந்த கஸ்பர், மடுக்கோயில் மரநிழலில் வைத்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னான். பிறகு இராமேஸ்வரம் போக வள்ளம் ஏறியவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரில் அவனுக்கு இரங்கற் பூசையும் வைத்தார்கள். செத்தவனின் கதையை எடுப்பதால் அவனுக்கு ஒரு குறையும் வராது என்று யேசுரட்ணம் நினைத்தான். சொல்லி முடித்துச் சட்டையைத் தூக்கித் தன் முதுகுத் தழும்பைக் காட்டினான். அது அலையில் சறுக்கி போட் எஞ்சினின் சைலன்சரில் விழுந்து சுட்ட தழும்பு. அதிகாரி அதைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் குரலில் சட்டையை இறக்கச் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இம்மாகுலேற் அவனைக் கட்டச் சம்மதித்தாள். பெரிய வெள்ளிக்கிழமைகளில் சுவாமியார் அவனைச் சாட்சியம் சொல்லக் கூப்பிட்டார். அந்தோனியார் கோயிலில் ஆசீர்வதித்த எண்ணெயை இம்மாகுலேற் அந்தத் தழும்பில் பூசி, விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் செபம் சொல்லுவாள். அப்போதெல்லாம் யேசுரட்ணம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பான். வேதனையை நினைத்துக் கிடக்கிறான் என்று அவள் நினைப்பாள்.

1994 மாசியில் கஸ்பர் வந்து கதவைத் தட்டினான். வள்ளம் கவிழ்ந்து தமிழ்நாட்டுக் கரையில் ஒதுங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ஜெர்மனியில் கிடந்து, லொறியில் வந்திருந்தான். யேசுரட்ணம் அவனைக் கட்டிப்பிடித்து அழுததில் பொய் இல்லை. முன்னறையை அவனுக்கு ஒதுக்கிக்கொடுத்தார்கள். கஸ்பரின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதே ஊர், இதே முகாம், இதே கொட்டடி, இதே வார்த்தைகள் ஏற்கெனவே ஒருவரால் சொல்லப்பட்டவை, ஆகையால் இது பாடமாக்கிய கதை என்று சொல்லிவிட்டார்கள். கஸ்பர் அதை விளங்கமுடியாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யேசுரட்ணம் அவனுக்கு வேலை பிடித்துக்கொடுத்தான், குளிருக்கு ஜாக்கெற் வாங்கிக்கொடுத்தான், நல்ல லோயரைத் தேடிப் பிடித்தான். வாயை மட்டும் திறக்கவில்லை. காரில் ஒரு சுற்று ஓடிப் பார்ப்போமா என்று கஸ்பர் கேட்டபோதெல்லாம் பிரேக் சரியில்லை என்றான்.

மேன்முறையீடும் தோற்ற அன்று மூவரும் குசினியில் இருந்தார்கள். திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று கஸ்பர் சோற்றைத் தொடாமல் இருந்தான். இம்மாகுலேற்றுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தன் புருசனுக்கும் இதுவேதான் நடந்தது, ஒரே ஊரில் இரண்டு பேருக்கு நடந்தால் அது சாட்சிதானே, பொய்யாகாதே என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, முதுகைக் காட்டுங்கோவன். கஸ்பர் அண்ணை பாக்கட்டும்."

அவன் அசையாமல் இருக்க, அவளே எழுந்து பின்னால் வந்து சட்டையைத் தூக்கினாள். கஸ்பர் பார்த்தான். யேசுரட்ணம் சைலன்சரில் விழுந்த அன்று அவனைத் தூக்கி எடுத்து, கடல் தண்ணீர் ஊற்றியவன் கஸ்பர்தான். அவன் கண் தழும்பிலிருந்து யேசுரட்ணத்தின் பிடரிக்கு வந்து, அங்கிருந்து மேசைக்கு இறங்கியது. பிறகு அவன் கையை நீட்டி, சட்டையை மெதுவாக இழுத்து மூடிவிட்டான். ஆமிக்காரனைக் கண்டு வலைக்கு அடியில் கிடந்தபோதும் யேசுரட்ணத்துக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கவேண்டும் என்று தோன்றவில்லை. அந்தக் கை பட்டபோது தோன்றியது.

அவன் எழுந்து பின்பக்கம் போனான். நல்ல வெயில். கராஜைத் திறந்து, கார்க்கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். முதலில் டீசல் மணத்தது. பிறகு கடல் மணத்தது. முதுகில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது, அவன் கத்தினான். இம்மாகுலேற் ஓடிவந்து கதவைத் திறந்து சட்டையைத் தூக்கியபோது தழும்பு இருந்த இடத்தில் அன்றைக்குச் சுட்ட பச்சைப் புண் இருந்தது. அதைச் சுற்றி எஞ்சின் கரி அப்பியிருந்தது, குழாயின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. என்ன இது என்று அவள் கேட்டாள். பழைய கதையைச் சொல்ல அவன் வாய் எடுத்தான். ஒரு சொல்லும் மிச்சமிருக்கவில்லை.

"போட் சைலன்சர்" என்றான். "என்னை ஒருத்தரும் தொடேல்லை. நான் வலைக்குக் கீழை கிடந்தனான்."

இம்மாகுலேற் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் கஸ்பர் நின்றான்.

"இவ்வளவு காலமும் நான் ஒரு சைலன்சருக்கு எண்ணெய் பூசியிருக்கிறன்" என்றாள் அவள். பிறகு உள்ளே போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்து, அதைக் கஸ்பரின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். புண்ணைக் கழுவிக் கட்டியது கஸ்பர்.

மறுநாளே யேசுரட்ணம் லோயரிடம் போய்ச் சொன்னான். பிறகு விசாரணையில் எல்லோருக்கும் முன்னால் நின்று, வலைக்கு அடியில் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னான். 1996இல் கஸ்பருக்கு இருக்கலாம் என்று முடிவு வந்தது. யேசுரட்ணத்தின் விஷயத்தை மறுபடி விசாரிப்போம் என்றார்கள். விசாரிப்பவர்கள் மாறினார்கள், அது அப்படியே கிடந்தது. ஒவ்வொரு காலையும் தபால் விழும் சத்தத்துக்கு அவன் வாசலுக்கு ஓடினான். கோயிலில் அவனை ஒருவரும் ஏசவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சுவாமியார் வேறொருவரைக் கூப்பிட்டார். யேசுரட்ணம் வாசலோடு, மழைக்கோட்டுகள் தொங்கும் இடத்தில் நின்று பூசை கண்டான். இம்மாகுலேற் மாதக்கணக்கில் அவனோடு சாப்பாட்டுக்கு அழைக்கும் அளவுதான் பேசினாள். மறு குளிர்காலத்தில் ஒருநாள், காரணம் ஒன்றும் சொல்லாமல், படுக்கையைத் திரும்ப அவனுடைய அறைக்குக் கொண்டுவந்து போட்டாள்.

கார் தன் குணத்தை விடவில்லை. வருடாந்தச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் சோதிப்பவரின் டோப்பா காணாமற்போனது. அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சான்றிதழைக் கொடுத்தார். கோயிலில் கலியாண ஓலை வாசிக்க முன்னர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதில் ஒருதரம் ஏற்றி இறக்கும்படி சுவாமியார் சொல்லத் தொடங்கினார். இரண்டு சம்பந்தம் அதில் குழம்பியது, மற்றவை நன்றாக நடந்தன.

கஸ்பர் முதன்முதலாக அதில் ஏறியது 1997 வைகாசியில். யேசுரட்ணம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை, கஸ்பரிடம் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. டூட்டிங்கில் ஒரு கடைக்கு நல்ல விளைமீன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் புறப்பட்டார்கள். பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டினார்கள். பிறகு கஸ்பர் கேட்டான்.

"அவங்களுக்கு நீ சொன்ன கதையிலை, நான் அழுதனானோ?"

நடுவில் அதிகாரியின் பேனா நின்றுவிட்டதைக் கண்டு யேசுரட்ணம் சேர்த்த அழுகை அது.

"ஓம்" என்றான்.

"நான் அழேல்லை, மச்சான்."

யேசுரட்ணத்தின் காது எரிந்தது. றோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கஸ்பர் முதலிலிருந்து, பிடித்துக்கொண்டு போன காலையிலிருந்து, நடந்ததை நடந்தபடியே சொல்லத் தொடங்கினான். அமெரிக்கக் கார் என்பதால் ஸ்ரியரிங் இடப்பக்கம். லண்டனில் ஓட்டுகிறவன் இருக்கும் வலப்பக்கத்தில் கஸ்பர் இருந்தான். நாவல் நிறக் காரைக் கண்ட பஸ் டிரைவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவன்தான் ஓட்டுகிறான் என்று நினைத்து அவனுக்குக் கைகாட்டினார்கள். கஸ்பர் கதையை நிறுத்தாமல் திருப்பிக் கைகாட்டிக்கொண்டு போனான்.