எண்பத்தெட்டாவது கூரை

திங்கள் காலை ஒன்பதரைக்கு வீணா கம்ப்யூட்டரைத் திறந்தபோது மலையில் பாதியைக் காணவில்லை.

ஆல்ப்ஸ் மலையில் ஸ்டைன்மாட் என்று ஒரு குட்டி ஊராட்சி. ஜெர்மன் பேசுகிற மூன்றே மூன்று கிராமங்கள். வீணா அங்கே போனதில்லை, போகப்போவதுமில்லை. ஆனால் வரைபடக் கம்பெனியின் பொம்மசந்திரா ஆபீசில் உட்கார்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் ஒவ்வொரு கூரைக்கும் கோடு இழுத்தவள் அவள்தான். புகைபோக்கி தெரிந்தால் மஞ்சள், ஆள் இருக்கும் வீடு. தெரியாவிட்டால் சாம்பல், வைக்கோல் கொட்டகை. சர்ச்சிலிருந்து பால்பண்ணைக்குக் குறுக்குவழி கேட்டால், தான் குடியிருக்கும் ஜோகுபாளையத்துச் சந்துகளைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுவாள்.

இன்று வந்த படத்தில் மேல் கிராமம் இருந்த இடத்தில் பாறையும் சேறும்.

“மேல் ஊர் மொத்தத்தையும் மதியத்துக்குள்ள அழிச்சிடு,” என்றார் டீம் லீடர் பாலகுமார், காபி கப்போடு வந்து நின்று. “பழைய ஃபைலும் வேணாம். மலை விரிசல் விட்டதும் நம்ம மஞ்சள் லிஸ்ட்டை வெச்சுத்தான் வீடு வீடா ஆளுங்கள இறக்கினாங்களாம். சூப்பரா வேலை செஞ்சிருக்கு. ஒரே ஒரு பொம்பளைதான் மாட்டிக்கிட்டுச் செத்துப்போச்சு.”

“எந்த வீடு?”

“வீடே இல்லம்மா. வைக்கோல் கொட்டகையில தங்கியிருந்திருக்கு. லிஸ்ட்ல எப்படி வரும்?”

அவர் பேசியது அவளிடம், பார்த்தது கப்பை.

 வீணா பழைய படத்தைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எண்பத்தெட்டாவது கூரை. பாதிக் கூரையில் மரத்தின் நிழல், புகைபோக்கி இருந்தாலும் தெரியாது. பக்கத்தில் ஒரு துணிக்கொடி, அதில் சிவப்பாக ஒன்று, வெள்ளையாக இரண்டு. வைக்கோலை யார் துவைத்துக் காயப்போடுவார்கள்? கோடு இழுத்த அன்றைக்கே கை தயங்கியது. மாலை ஐந்து நாற்பது, அன்றைய கணக்குக்கு இன்னும் ஒன்பது கூரை பாக்கி, ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ். சாம்பலைத் தட்டிவிட்டு ஓடினாள். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷம்கூட ஞாபகம் இருந்தது.

“பாலா சார், எண்பத்தெட்டு நான் போட்டது. அந்த ஊராட்சிக்கு மெயில்ல சொல்லிடலாம்.”

“சும்னிரு, வாயத் திறக்காத வீணா.” குரல் கிசுகிசுப்பாயிற்று. “மலை விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவே? நீ போட்டதைச் செக் பண்ணி ஓகே குடுத்தது யாரு, நான்தானே? என் பொண்ணு அனுஷாவுக்கு இப்பத்தான் காலேஜ் சீட் கிடைச்சிருக்கு.”

“கொடியில துணி இருந்துச்சு சார். நான் பாத்தேன்.”

பாலகுமார் கப்புக்குள் பார்த்தார். காபியில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

“நானும் பாத்தேன்,” என்றார். கப்பை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீணா ஒவ்வொன்றாக அழித்தாள். சர்ச், பால்பண்ணை, குறுக்குவழியின் இருபுறமும் இருந்த வீடுகள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒன்றே ஒன்று மிச்சம். அதன் மேல் அம்பை வைத்தாள். அழிக்கவில்லை. சாம்பலை மஞ்சளாக்கினாள். இப்போது யார் போய் அந்தக் கதவைத் தட்டப்போகிறார்கள்?

சேற்றின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். சேமிக்கவா என்று கேட்டு நின்றது திரை. திரையின் அடுத்த ஜன்னலில், பழைய படத்தின் வெயிலில், சிவப்பு ஒன்றும் வெள்ளை இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன.