அடிக்குறிப்பில் நின்ற நடுகல்

மரபு என்பது ஓர் ஊர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் சான்றுகளின் தொகுப்பு ஆகும். அச்சான்றுகளைத் தேடிச் செல்வோர்க்கு இரண்டு துணைகள் வேண்டும்: ஒன்று நூல், மற்றொன்று வரைபடம். விழுப்புரத்தில் எங்கள் வாசகர் வட்டம் இதற்கென ஒரு கையேட்டை வெளியிட முடிவு செய்தபோது, படிக்கத்தக்க நூல்களின் பட்டியலையும் வரைபடத்தையும் ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் சூசை மேரி. தையற்கடை நடத்துகிறேன், நாற்பத்தெட்டாம் வயதில் அஞ்சல்வழியில் வரலாற்று முதுகலைப் பட்டம் பெற்றவள். பட்டம் பெற்றோர் பலர் உளர். அதனைச் சட்டமிட்டுத் தையல் எந்திரத்திற்கு நேரெதிரே மாட்டியவர் இவ்வூரில் நான் ஒருத்தியே.

பட்டியலின் முதலிடத்தில், திண்டிவனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேங்கடேசன் எழுதிய வட்டார வரலாற்று நூலை வைத்தேன். அது நல்ல நூல். ஆயினும், கண்டாச்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரின் நடுகல் 'ஏரிக்கரையின் மேல் நிற்கிறது' என்று அதில் கூறப்பட்டிருந்தது. நேரில் சென்று பார்த்தேன். கரையில் வேலமரங்களே நின்றன. போரில் இறந்த வீரனுக்காக நடப்பட்ட அக்கல், வில்லேந்திய உருவத்துடன், கரைக்கு வெகு தொலைவில் சின்னதுரை என்பவரின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், நின்றது. ஊரார் அதனை வேடியப்பன் என வணங்கினர். கடையிலிருந்து கொண்டுபோன அளவு நாடாவால் கிணற்றிலிருந்து கல்வரை அளந்தேன். வரைபடத்தில் புள்ளி வைத்தேன். பட்டியலில் ஓர் அடிக்குறிப்பும் எழுதினேன்: 'நூலாசிரியர் கூற்று பிழை. வரைபடம் காண்க.' நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்த வாக்கியம் அதுவே எனக் கருதினேன்.

வட்டத்தின் செயலாளர் கலைப்பிரியா ஒரு நிபந்தனை விதித்தார்.

"மேரிக்கா, பிரிண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வேன்ல இட்டுக்கினு போவோம். மேப்பைக் கையில வச்சிக்கினு கல்லைக் கண்டுபுடிச்சிட்டாங்கன்னா, உங்க பேரோட மேப்பையும் சேத்து அச்சுல ஏத்திடலாம். இல்லாட்டி புத்தக லிஸ்ட் மட்டும் போதும்."

அதுவரை என் பெயர் அச்சில் வந்தது என் திருமண அழைப்பிதழில் மட்டுமே. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையை மிகுந்த ஆவலுடன் எதிர்நோக்கினேன்.

நில உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரிவிப்பது ஆய்வாளரின் கடமை. வரைபடத்தின் நகலையும் நூற்பட்டியலையும் சின்னதுரையிடம் கொடுத்தேன்.

"இன்னா டைலரம்மா இது? எங்கொல்லைக்குள்ள புள்ளி வச்சிக்கிறீங்க?"

"உங்க வேடியப்பன்தாண்ணே. பழைய காலத்துக் கல்லு. வெளியூருல இருந்தெல்லாம் பார்க்க வருவாங்க."

"அவங்க வருவாங்க, பின்னாடியே ஆபீசரு வருவாரு. போர்டு நடுவாரு. சுத்தி வேலி போட்டுடுவாரு, அப்பறம் எம்மல்லாட்டைய புடுங்கறதுக்கு நானே அவருகிட்ட பர்மிஷன் கேக்கணும். எதுக்கும்மா இந்தப் பேஜாரு?"

"அப்டியெல்லாம் ஆவாது. சந்தேகம் இருந்தா லிஸ்ட்ல மொதப் புத்தகத்தைப் படிச்சிப் பாருங்க. லைப்ரரில கெடைக்கும்."

இவ்வறிவுரையை நான் பலருக்கும் வழங்கியிருக்கிறேன். அதனை ஏற்று, நூலகம் சென்று, நூலைத் தேடியெடுத்து முழுமையாகப் படித்தவர் சின்னதுரை ஒருவரே.

குறித்த நாளில் வேன் புறப்பட்டது. நூலாசிரியர் வேங்கடேசனும் சிறப்பு விருந்தினராக எங்களுடன் வந்தார். உறுப்பினர்கள் வரைபடத்தைப் பிடித்தவாறு கொல்லைக்குள் இறங்கினர். கிணறு இருந்தது, வரப்பு இருந்தது, புள்ளி இருந்த இடத்தில் கல் இல்லை. புதிதாகக் கிளறி நீர் பாய்ச்சிய மண்ணே இருந்தது. சின்னதுரையின் மனைவி பாஞ்சாலி களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேடியப்பனையா தேடறீங்க? அவரு ஏரிக்கரைக்குப் பூட்டாரே!"

அனைவரும் ஏரிக்கரைக்கு நடந்தோம். அங்கே, வெட்டிச் சீராக்கிய வேலமரங்களுக்கிடையே, தகரக் கூரையின் கீழ், புது மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசிய கோலத்தில் நடுகல் நின்றது. சின்னதுரை எங்களுக்குப் பொங்கல் ஆக்கி வைத்திருந்தார்.

"எப்டிண்ணே கல்லு இங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வரலம்மா, திரும்பி வந்துக்கிறாரு. நீங்க சொன்ன புஸ்தகத்துல போட்டுக்குதே, ஏரிக்கரை மேலன்னு! எந்தப் பாட்டனோ கொல்லைக்கு இட்டாந்துட்டுக்கிறான். ஊருல படிச்சிக் காட்டனேன். செவப்புப் பூவும் வெள்ளப் பூவும் பொட்டலம் கட்டி சாமி முன்னாடி போட்டோம். பாஞ்சாலிதான் எடுத்தா. வெள்ளை வந்துச்சு. சாமி போறேன்னுடுச்சு. அப்பறம் இன்னா, ஜேசிபி வச்சி ஜல்தியா முடிச்சிட்டோம்."

பின்னால் வந்து நின்ற பாஞ்சாலி, "ரெண்டு பொட்டலத்துலயும் இவரு வெள்ளப் பூவைத்தான் கட்டனாருன்னு பொறாமை புடிச்சவனுங்க பேசிக்கினு திரியறானுங்க. நம்பாதீங்க" என்றார்.

கலைப்பிரியா மகிழ்ச்சி மிகுந்து, "ஐயா, நீங்க எழுதினது அச்சு அசலா அப்டியே இருக்கு!" என்று வேங்கடேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார். கைத்தட்டல் எழுந்தது. அது அடங்கியபின் வேங்கடேசன் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஊருக்கே நான் இன்னிக்குத்தாம்மா மொதல்ல வர்றேன். கண்டாச்சிபுரம் சந்தையில ஒருத்தர் சொன்னதை நம்பி எழுதிட்டேன். உங்க அடிக்குறிப்பைப் படிச்சேன். எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கலாம்னுதான் வேன்ல ஏறினேன்."

"இப்ப ஒத்துக்குங்களேன், ஐயா."

"எப்படிம்மா? கல்லே வந்து எனக்குச் சாட்சி சொல்லிக்கினு நிக்குதே!"

அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். எனவே நானே பேசினேன். கிளறப்பட்ட மண்ணையும், அளந்த அளவையும், சக்கரத் தடங்களையும் வரிசைப்படுத்தி எடுத்துரைத்தேன். உறுப்பினர்கள் பொங்கல் உண்டவாறு பொறுமையுடன் கேட்டனர்.

"அதெல்லாம் சரிக்கா," என்றார் கலைப்பிரியா. "நாளைக்கு ஒருத்தர் இந்த மேப்பை எடுத்துக்கினு வந்தா எதைப் பார்ப்பாரு? மல்லாட்டைச் செடியையா? ஒரே ஒரு புள்ளி, தள்ளி வச்சிடுங்க. சட்டைக்குப் பட்டன் மாத்தறதில்லையா நீங்க? வைக்கலன்னா மேப்பு கெடையாது."

வரைபடத்தின் இலக்கணம், பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவதேயன்றி, அங்கு எவ்வாறு வந்தது என விசாரிப்பது அன்று. மூன்றாம் பருவத்தில் இதனை நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். புள்ளியை நகர்த்தினேன். அடிக்குறிப்பை நீக்கினேன். முதல் வரைபடத்தைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. அதனை நூலகத்தில் சேர்த்து, பட்டியலின் இறுதியில் 'பழைய வரைபடங்கள்' என்னும் தலைப்பின்கீழ்க் குறித்தேன். மை உலர்ந்த சில வாரங்களிலேயே அது பழமை எய்திவிட்டது.

கையேடு என் பெயருடனும் பட்டத்துடனும் அச்சாகி வந்தது. அதனை எடுத்துக்கொண்டு சின்னதுரை கடைக்கு வந்தார்.

"இந்த மேப்புக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. பச்சை மையில இருந்தா நல்லாருக்கும்."

"பச்சை மை பெரிய ஆபீசருங்களுக்குத்தாண்ணே."

"எம்.ஏ.ன்னா சும்மாவா? புஸ்தகமும் சொல்லுது, எம்.ஏ. போட்ட மேப்பும் சொல்லுது. எங்கொல்லைல கல்லு இருந்துச்சின்னு இனிமே எவன் சொல்லுவான்?" என்றவர், கடைசிப் பக்கத்தைப் புரட்டிச் சற்றே தயங்கினார். "பழைய மேப்புன்னு இன்னாமோ போட்டுக்கிறீங்களே, அதை யாராவது பார்த்துட்டா?"

"லைப்ரரிக்குப் போய்த் தேடிப் படிக்கறவங்க பார்ப்பாங்க."

"அவ்ளோதானா? அப்போ பயமில்ல."

மறுப்பதற்கு என்னிடம் சான்று ஏதும் இல்லை. நீல மையில், பட்டத்தையும் சேர்த்து, தெளிவாகக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.